ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்பிடும் படகு: மெக்கென்சி, ரோக், கொலராடோ

கரையோரத்தான்:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் நகரில் வசிக்கிறேன். ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் மெக்கென்சி ஆறு. மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த, தெளிந்த நீர். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் கண்ணுக்குத் தெரியும். சென்ற மாதம் ஒரு வழிகாட்டியின் மரப் படகில் நானும் என் மகளும் ஒரு நாள் முழுவதும் அந்த ஆற்றில் போய்வந்தோம். அதன் பிறகு வேறு எதிலும் மனம் நிற்கவில்லை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நாங்கள் இருவரும் முன் பலகையில் உட்கார்ந்தோம். வழிகாட்டி நடுவில், எங்களைப் போலவே ஆறு போகும் திசையைப் பார்த்து அமர்ந்தார். பாறைகளுக்கிடையே நீர் சரிந்து நுரைத்து விழும் பாய்ச்சல் ஒன்று நெருங்கியபோது, அவர் வேகமாகத் துடுப்புப் போட்டு அதைக் கடந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு துடுப்புகளையும் தன் மார்பை நோக்கி நிதானமாக இழுத்தார். படகு தயங்கியது, நீர் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய கறுத்த பாறை வந்தபோது அவர் வாய் திறக்காமல், துடுப்பிலிருந்து இரண்டு விரல்களை மட்டும் உயர்த்தி, என் மகளை வலப்புறம் சற்று நகரச் சொன்னார். அவள் நகர்ந்தாள், பாறை எங்கள் இடப்புறமாக மெல்லக் கடந்து போனது.

இரண்டு கேள்விகள். ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்பிட்டுக்கொண்டே கீழே இறங்கும் இந்த முறையை யார் கண்டுபிடித்தார்கள்? இந்த ‘டிரிஃப்ட் படகு’ என்னும் மரப் படகுக்கு அந்த வினோத வடிவம் எப்படி வந்தது?

தச்சுப்பட்டறை:

முதலில் வடிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வடிவம் புரிந்தால் வரலாறு தானாகப் புரியும்.

நீங்கள் ஏறிய படகு சுமார் 16 அடி நீளம் இருந்திருக்கும். அதற்குக் கீல், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற கட்டை, கிடையாது. அடி முழுவதும் தட்டை. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால், அந்தத் தட்டையான அடி முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்து வாழைப்பழம்போல இருக்கும். இந்த வளைவை ராக்கர் என்பார்கள். இரு முனைகளும் நீருக்கு மேலே தூக்கி நிற்பதால், நடுப்பகுதி மட்டுமே நீரில் நன்றாகப் படிந்திருக்கும். ஆகவே ஒரு துடுப்பை இழுத்து மறு துடுப்பைத் தள்ளினால், படகு இருந்த இடத்திலேயே சுழலும். கீல் உள்ள படகு நேராகப் போகும், ஆனால் சட்டென்று திரும்பாது. ஏரிக்கும் கடலுக்கும் அது பொருந்தும். பாறைகள் நிறைந்த ஆற்றில் நேராகப் போவதால் பயனில்லை, திரும்புவதுதான் உயிரைக் காக்கும்.

பக்கப்பலகைகள் செங்குத்தாக நிற்காமல் வெளிப்புறம் சாய்ந்து விரிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அலை ஒரு பக்கத்தை அழுத்தும்போது அந்தச் சாய்வு மேலும் நீரைத் தள்ளி, படகைத் தாங்கிப் பிடிக்கிறது.

இனி, இழுக்கும் முறை. மிதக்கும் பொருள் நீரின் வேகத்திலேயே போனால் அதைத் திருப்ப முடியாது. நீருக்கும் படகுக்கும் இடையே வேக வேறுபாடு வேண்டும். முன்னே தள்ளினால் வேறுபாடு கிடைக்கும், ஆனால் பாறையை இன்னும் விரைவாகச் சென்றடைவீர்கள். இழுத்தாலும் அதே வேறுபாடு கிடைக்கும், கூடவே யோசிக்க நேரமும் கிடைக்கும். ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதிலிருந்து விலகும்படி இழு என்பதே இந்தத் தொழிலின் முதல் பாடம். படகைச் சற்றுச் சாய்கோணத்தில் நிறுத்தி இழுத்தால், ஆறே அதைக் குறுக்காக மறு பக்கம் கொண்டு சேர்க்கும்.

பழந்தாள்:

தச்சுப்பட்டறை சொன்னதற்கு நேர் எதிரான காட்சியிலிருந்து தொடங்குவது நல்லது. 1869 மே 24 அன்று ஜான் வெஸ்லி பவல் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, வயோமிங்கின் கிரீன் ரிவர் ஸ்டேஷனிலிருந்து கொலராடோ ஆற்றின் ஆழ்பள்ளத்தாக்குகளை நோக்கிப் புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர் அவர். சிகாகோவில் கட்டப்பட்ட நான்கு படகுகளில் மூன்று 21 அடி நீள ஓக் மரப் படகுகள். பவல் ஏறிய ‘எம்மா டீன்’ மட்டும் 16 அடி நீளமான இலகுவான பைன் மரப் படகு. துடுப்புக்காரர்கள் வழக்கமான முறையில் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பலம்கொண்ட மட்டும் துடுப்பிட்டார்கள். எதிரே என்ன வருகிறது என்பதை அவர்கள் பார்க்கவில்லை. கனத்த கீலுள்ள படகுகளோ திரும்ப மறுத்தன. புறப்பட்டு மூன்று வாரம் ஆவதற்குள் லோடோர் பள்ளத்தாக்கில் ‘நோ நேம்’ என்னும் படகு பாறையில் மோதிச் சிதறியது. அந்த இடம் இன்றும் ‘டிசாஸ்டர் ஃபால்ஸ்’ என்றே அழைக்கப்படுகிறது. பயணத்தின் பெரும்பகுதி, படகுகளைக் கயிற்றில் கட்டி இறக்குவதிலும் கரையில் சுமந்து செல்வதிலுமே கழிந்தது. பவலின் மனத்துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த ஆற்றுக்கு அந்தப் படகு ஒவ்வாதது, அவ்வளவே.

1890களில் இதை மாற்றியவர் நதானியல் கேலவே. யூட்டா மாநிலத்து வெர்னல் பகுதியைச் சேர்ந்த அவர் ஆற்றோரம் பொறிவைத்து விலங்கு பிடித்து வாழ்ந்தவர். தனியாளாகத் தூக்கிக் கையாளக்கூடிய, இலகுவான, தட்டையடிப் படகுகளைத் தம் கையாலேயே கட்டினார். பாய்ச்சலுக்குள் போகும்போது பின்முனையை முன்னே விட்டு, ஆற்றின் போக்கைப் பார்த்து உட்கார்ந்து, ஓட்டத்தை எதிர்த்து இழுத்தார். 1896–97இல் கிராண்ட் கேன்யனைக் கடந்தும் விட்டார். ஓகையோவைச் சேர்ந்த தொழிலதிபர் ஜூலியஸ் ஸ்டோன் 1909இல் தம் சொந்த விருப்பத்துக்காக ஒரு பயணம் போனபோது, வழிகாட்டியாகச் சென்றவரும் கேலவேதான். ஆய்வுக்கோ தங்கத்துக்கோ அல்லாமல், ஆற்றை அனுபவிப்பதற்காக ஒருவர் மற்றொருவரின் துடுப்பை நம்பி அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியதை, இன்றைய வழிகாட்டித் தொழிலின் தொடக்கமாகவே நான் கருதுகிறேன்.

நீரோடி:

அப்படியானால் கரையோரத்தானின் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கேலவே கண்டுபிடித்தார், ஓரிகன் மக்கள் அவரைப் பார்த்துச் செய்தார்கள். புகைப்படக்காரர்களான கோல்ப் சகோதரர்கள் 1911–12இல் கேலவே பாணிப் படகுகளில் போய்த் திரைப்படம் எடுத்ததும், அதைப் பல பத்தாண்டுகள் கிராண்ட் கேன்யனின் விளிம்பிலேயே திரையிட்டதும் நாடறிந்தவை. பரவுவதற்கு வழியா இல்லை?

யாழினி:

நீரோடி, அவ்வளவு எளிதாக ஒருவருக்கே பட்டம் சூட்டிவிட வேண்டாம். போர்ட்லேண்டில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவள் என்ற முறையில் மெக்கென்சியின் கதை எனக்கு நெருக்கமானது. அது வேறொரு தேவையிலிருந்து பிறந்தது.

கேலவேக்கு ஆற்றைக் கடந்து உயிரோடு மறுபுறம் போய்ச் சேர வேண்டும். மெக்கென்சி வழிகாட்டிக்கு அது போதாது. அவருடைய படகில் ஒருவர் தூண்டிலோடு அமர்ந்திருக்கிறார். பாறைக்குப் பின்னால் இருக்கும் சிறு சுழிநீரில் ட்ரௌட் மீன் நிற்கிறது. அந்த இடத்தில் தூண்டில் விழும்வரை, படகு ஓடும் நீரின் நடுவே ஏறத்தாழ அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே ‘மெதுவாக இறங்கு’ என்னும் விதியை அவர்களுக்குத் தூண்டில்காரர்களே கற்றுக்கொடுத்தார்கள். ஓடும் நீரும் தட்டையடியும் இரண்டு துடுப்பும் இருக்கும் எந்த ஊரிலும், கவனமுள்ள ஒருவர் இந்த முடிவுக்கு வந்தே தீருவார் என்பது என் கருத்து.

தொடக்கத்தில் மெக்கென்சியில் ஓடியவை பலகைகளை அடுக்கிப் பட்டி அடித்த கனத்த படகுகள். 1920களில் வெல்ட்டி ப்ரூயிட் என்பவர், மதபோதகராகவும் வழிகாட்டியாகவும் இருந்தவர், மெல்லிய பலகைகளைக் கொண்டு மிக இலகுவான படகைக் கட்டினார். அவருடைய நண்பர் பிரின்ஸ் ஹெல்ஃபிரிச் வழிகாட்டித் தொழிலை அந்தப் பள்ளத்தாக்கின் அடையாளமாகவே ஆக்கினார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே துடுப்பை ஏந்தினார்கள். ஹெர்பர்ட் ஹூவர் போன்ற குடியரசுத் தலைவரே இந்த ஆற்றுக்கு மீன் பிடிக்க வந்திருக்கிறார்.

அடுத்த திருப்பம் மரத்தொழிற்சாலையிலிருந்து வந்தது. டக்ளஸ் ஃபிர் மரத்தில் செய்த பிளைவுட்டை 1905ஆம் ஆண்டு போர்ட்லேண்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைத்தார்கள். ஆனால் அக்காலத்துப் பசை நீரில் கரைந்து, ஏடுகள் பிரிந்துவிடும். 1934இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜேம்ஸ் நெவின் நீர் புகாத பசையை உருவாக்கிய பிறகே பிளைவுட்டை நம்பி ஆற்றில் இறங்க முடிந்தது. யூஜீனில் பட்டறை வைத்திருந்த நார்வேக்காரர் டாம் கார்ஹுஸ் அதை உடனே பிடித்துக்கொண்டார். பல பலகைகளை இணைத்த இடத்தில் ஒரே தாள், ஒரே வளைவு; கசிய இடுக்குகளே இல்லை. அவரோடு வேலை செய்த டெக்சாஸ்காரர் வுடி ஹிண்ட்மன் பின்னர் தனியே கட்டத் தொடங்கி, இன்று நாம் காணும் வடிவத்தை நிலைநாட்டினார். 1938 முதல் ட்ரௌட் பருவம் தொடங்கும் நாளில் ‘வெள்ளைநீர் அணிவகுப்பு’ என்று ஊரே திரண்டு ஆற்றில் இறங்கத் தொடங்கியது.

கரையோரத்தான்:

மிக்க நன்றி. ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை. எங்கள் வழிகாட்டி, கீழ்நோக்கிப் போகும் அந்தக் கூர்மையான உயர்ந்த முனையைக் காட்டி, “பழையவர்களைக் கேட்டால் இதுதான் படகின் பின்புறம் என்பார்கள்” என்றார். அவருக்குப் பின்னால், நங்கூரம் தொங்கிய தட்டை முனையே முன்புறமாம். இது எப்படி?

தச்சுப்பட்டறை:

அவர் சொன்னது சரி. துடுப்பிடுபவர் எப்போதும் தம் முதுகு இருக்கும் திசைக்கே படகை இழுக்கிறார். எந்தத் துடுப்புப் படகிலும் அந்த முனையே முன்முனை. டிரிஃப்ட் படகில் அவர் முதுகு ஆற்றின் மேல்திசையை நோக்கி இருப்பதால், மேல்நோக்கிய முனையே முறைப்படி முன்புறம். பழைய மெக்கென்சிப் படகுகளில் அந்த முனை கூராக இருந்தது. பயணிகள் அமரும் கீழ்முனை அகன்ற தட்டைப் பலகையாக இருந்தது. பெரிய அலைகள் அந்தத் தட்டைப் பலகையில் அறைந்து பயணிகளை நனைத்தன. ஹிண்ட்மன் அதையும் உயர்த்திக் கூராக்கி, இருமுனையும் கூரான படகைச் செய்தார். பிறகு அமைதியான நீரில் சிறு மோட்டார் மாட்ட இடம் வேண்டும் என்ற கேட்பு வந்தது. அவர் மேல்நோக்கிய முனையை, அதாவது முறைப்படி முன்முனையை, அறுத்துச் சிறு தட்டைப் பலகை வைத்தார். முன்புறத்தில் மோட்டார் மாட்டும் படகு அப்படித்தான் உருவாயிற்று. ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஒருவர் நனைந்ததாலோ, யாரோ ஒருவர் கேட்டதாலோ வந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நீரோடி:

யாழினி சொன்னதை ஏற்கிறேன். அதே ஓரிகனின் தெற்கே ஓடும் ரோக் ஆற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1915இல் கிளென் வுல்ட்ரிட்ஜ் என்ற இளைஞர், கால் ஆலன் என்ற நண்பரோடு, தாமே கட்டிய மரப் படகில் கிராண்ட்ஸ் பாஸிலிருந்து கடலோரத்துக் கோல்ட் பீச் வரை ஐந்து நாளில் இறங்கினார். பின்னர் அதையே வாழ்நாள் தொழிலாக்கினார். எழுத்தாளர் சேன் கிரே 1920களில் இந்த ஆற்றின் கரையில் குடில் அமைத்துத் தங்கியதும் ரோக்கின் புகழைப் பரப்பியது. 1947இல் வுல்ட்ரிட்ஜ் மோட்டார் படகில் அதே ஆற்றைக் கடலிலிருந்து மேல்நோக்கி ஏறியும் காட்டினார்.

அவரைப் பற்றி மனம் நெருடும் செய்தி ஒன்றும் உண்டு. பிளாசம் பார் முதலிய இடங்களில் வழியை அடைத்த பாறைகளை அவர் டைனமைட் வைத்துத் தகர்த்தார். ஆற்றோடு ஒத்துப்போவதே இந்தத் தொழிலின் அறம் என்று இவ்வளவு நேரம் பேசினோம். பாறையை உடைப்பது அந்த அறத்துக்கு ஒத்ததுதானா?

யாழினி:

அக்காலத்தில் பிளாசம் பாரில் படகுகளைக் கயிற்றில்தான் இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பருவமும் பயணிகளின் உயிரைச் சுமந்தவரின் இடத்திலிருந்து பார்த்தால் அவர் செய்தது விளங்குகிறது. ஆயினும் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1968இல் அமெரிக்கா இயற்கையான ஆறுகளைக் காக்கும் சட்டத்தை இயற்றியபோது முதலில் சேர்க்கப்பட்ட எட்டு ஆறுகளில் ரோக்கும் ஒன்று. இன்று அங்கே ஒரு பாறையை அப்படித் தகர்ப்பதை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். அவர் திறந்த வழியில்தான் இன்றும் எல்லோரும் இறங்குகிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

பழந்தாள்:

இந்த இரு ஓரிகன் ஆறுகளின் படகும் கிராண்ட் கேன்யனுக்குப் போய்ச் சேர்ந்த கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் நெஞ்சுக்கு நெருக்கமானது.

அதற்கு முன்பே மரப் படகுகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. 1937இல் ஓரிகனின் கொக்கில் ஊரில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்த பஸ் ஹோம்ஸ்ட்ரம், போர்ட் ஆர்ஃபோர்ட் செடார் மரத்தில் தாமே படகு கட்டி, வயோமிங்கிலிருந்து இன்றைய ஹூவர் அணைவரை தன்னந்தனியாக வந்தார். மறு ஆண்டு நார்ம் நெவில்ஸ் தம் பிளைவுட் படகுகளில் மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் எல்சாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் இருவரையும் அழைத்துச் சென்றார். கிராண்ட் கேன்யன் முழுவதையும் ஆற்றில் கடந்த முதல் பெண்கள் என்று பதிவானவர்கள் அவர்களே. செல்லும் வழியெல்லாம் செடிகளைச் சேகரித்தார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை அந்தப் பள்ளத்தாக்கில் அழைத்துச் செல்லும் தொழில் அந்தப் பயணத்தோடு தொடங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இராணுவம் கழித்த ரப்பர் மிதவைகள் மலிவாகக் கிடைத்தன. பாறையில் மோதினாலும் அவை துள்ளித் திரும்பும். மரப் படகின் காலம் அத்தோடு முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினார்கள். மார்ட்டின் லிட்டன் அப்படி எண்ணவில்லை. ஓரிகனில் டிரிஃப்ட் படகைக் கண்டு மனம் பறிகொடுத்த அவர், பி. டி. ரைலியோடு சேர்ந்து மெக்கென்சிப் படகின் உடலை வாங்கி, மேலே மூடிகளும் காற்றறைகளும் அமைத்து, 1962இல் கிராண்ட் கேன்யனில் இறக்கினார். கவிழ்ந்தாலும் மூழ்காத அந்தப் படகுகளுக்கு டோரி என்ற பெயர் நிலைத்தது. பின்னர் கிராண்ட்ஸ் பாஸைச் சேர்ந்த ஜெர்ரி பிரிக்ஸ், ரோக் படகின் சாயலில் அவற்றைத் திருத்தி அமைத்துக் கொடுத்தார்.

லிட்டன் தம் படகுகளுக்கு, மனிதர் கைபட்டு அழிந்த அல்லது சிதைந்த இயற்கை இடங்களின் பெயர்களையே வைத்தார். ‘மியூசிக் டெம்பிள்’, ‘ஹிடன் பாசேஜ்’ இரண்டும் கிளென் கேன்யனில் இருந்தவை. 1963இல் அணையின் கதவுகள் மூடப்பட்டபின் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. அந்த நீர்த்தேக்கத்துக்குப் பவலின் பெயரைச் சூட்டியிருப்பது என்னை எப்போதும் வருத்தும். கிராண்ட் கேன்யனுக்குள்ளேயே மார்பிள் கேன்யன், பிரிட்ஜ் கேன்யன் என்னும் இரு இடங்களில் அணைகட்டத் திட்டமிட்டபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் லிட்டனின் குரல் மிக உறுதியானது. 1968இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவருடைய பயணிகள் ஒவ்வொரு நாளும் இழந்த ஓர் இடத்தின் பெயரைச் சொல்லித்தான் படகில் ஏறினார்கள். வழிகாட்டியின் வேலை துடுப்போடு முடிவதில்லை என்பதை இதைவிட அழகாக யாரும் காட்டியதில்லை.

அந்தப் படகுகளில் ஒன்றான ‘எமரால்ட் மைல்’, சிதைந்த ஒரு செம்மரத் தோப்பின் பெயர் தாங்கியது. ஒருமுறை மோதி நொறுங்கி, எரித்துவிடலாம் என்று ஒதுக்கப்பட்ட அதை லிட்டனின் வழிகாட்டிகளில் ஒருவரான கென்டன் குருவா மீட்டுச் சீராக்கினார். 1983 ஜூனில் வெள்ளத்தால் கிளென் கேன்யன் அணை நிரம்பி, வினாடிக்கு 70,000 கனஅடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டபோது, குருவா, ரூடி பெட்செக், ஸ்டீவ் ரெனால்ட்ஸ் மூவரும் இரவில் அதில் புறப்பட்டார்கள். கிரிஸ்டல் பாய்ச்சலில் படகு கவிழ்ந்தது, நிமிர்த்தி ஏறினார்கள். கிராண்ட் கேன்யனின் 277 மைலை 36 மணி 38 நிமிடத்தில் கடந்தார்கள். வேகம் அல்ல என்னைக் கவர்வது. உடைந்து எரியப் போன ஒரு மரப் படகு அதைச் செய்தது என்பதே.

தச்சுப்பட்டறை:

பழந்தாள் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். அலுமினியமும் ஃபைபர் கிளாஸும் வந்தபின் வழிகாட்டிகள் பெரும்பாலும் மரத்தைக் கைவிட்டார்கள். நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பருவம் முழுவதும் தினமும் கூழாங்கல் மேட்டில் உரசும் படகுக்கு, ஒவ்வொரு குளிர்காலமும் சுரண்டி, எண்ணெய் பூசி, வண்ணமடிக்க எத்தனை பேருக்கு நேரம் உண்டு?

ஆனாலும் மரத்துக்கென்று தனி நியாயம் இருக்கிறது. நான் கட்டிய 14 அடிப் படகின் அடிமூலையை, அதாவது பக்கப்பலகையும் அடிப்பலகையும் சேரும் விளிம்பை, முதல் ஆண்டிலேயே ஒரு கல்லில் மோதிவிட்டேன். பிளைவுட்டின் வெளி ஏடு உள்ளங்கை அகலத்துக்குப் பிளந்தது. அன்று மாலை வெடித்த பகுதியைச் சாய்வாகச் செதுக்கி எடுத்து, அதே சாய்வில் இன்னொரு துண்டை அறுத்து, எப்பாக்ஸி தடவி, கவ்வி போட்டு இறுக்கினேன். மறுநாள் இழைத்துச் சமன்செய்தபோது, ஏடுகளின் கோடுகள் மட்டும் சிறிது விலகித் தெரிந்தன. நீரில் இறக்கினேன், ஒரு சொட்டும் வரவில்லை. கையில் உளியும் பசையும் இருந்தால் ஆற்றங்கரையிலேயே இதைச் செய்துவிடலாம். மேலும், மரப் படகு அமைதியானது. அலுமினியத்தில் ஒரு கல் உரசினால் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். மரம் அதை ஒரு முனகலோடு நிறுத்திக்கொள்ளும்.

கரையோரத்தான்:

நீங்கள் எழுதியதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு நேற்று மீண்டும் ஆற்றங்கரைக்குப் போனேன். போகும் வழியில் வைடா, புளூ ரிவர் ஊர்களைச் சுற்றிக் கருகிய மலைச்சரிவுகள் இன்னும் தெரிகின்றன. 2020 செப்டம்பரில் பரவிய காட்டுத் தீ அந்தப் பள்ளத்தாக்கில் 1,73,000 ஏக்கரை எரித்தது.

வழிகாட்டி படகைச் சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தச்சுப்பட்டறை சொன்ன அந்த அடிமூலையைக் குனிந்து பார்த்தேன். மூன்று இடங்களில் ஒட்டுப்போட்ட தடம் இருந்தது. மூன்றும் வெவ்வேறு நிறம். மிகப் பழையதைக் காட்டி, “அது என் அப்பா போட்டது” என்றார். என் மகள் அதன்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். இணைப்பு விரலுக்குத் தட்டுப்படவே இல்லை என்றாள். அடுத்த மாதம், வேகமில்லாத ஒரு பகுதியில், அவள் கையில் துடுப்பைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். முன்னே தள்ளாதே, இழு என்று இப்போதே வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறாள்.